வந்த மச்சானும் போன முத்திரையும்

என் மச்சான் நாட்டை விட்டுப் போய்விட்டாராம்.

போன மாதம் கொழும்பில், விசா நீடிக்கிற அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மணி சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது மச்சான் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நெற்றியில் விபூதி, கக்கத்தில் குடை, காலையில் என் மனைவி மடித்துக் கொடுத்த வெற்றிலையின் சிவப்பு இன்னும் உதட்டில்... இத்தனையோடு ஒரு மனிதர் எங்கே போயிருக்க முடியும்?

"மெயா கிஹில்லனே!" என்றார் அம்மணி மறுபடியும். சிங்களத்தில், இவர் போய்விட்டாரே என்று அர்த்தம். சொல்லிவிட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். மச்சான் வந்து இறங்கிய அதே தேதி. ஆனால் வருகை முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் புறப்பாட்டு முத்திரை பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் தங்கலாம் என்கிற அனுமதியும் அந்த வருகை முத்திரையோடுதான் வரும். அதுவும் இல்லை. போய்விட்ட ஆளுக்கு எப்படி விசா நீடிப்பது? அம்மணி கேட்டது நியாயமான கேள்விதான்.

மச்சானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ராமையா. என் மனைவி கமலாவின் ஒரே அண்ணன். இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்து, அங்கேயே றப்பர் பால் வெட்டியவர். இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது இந்தியாவின் பங்கில் விழுந்தார். தங்கையை நான் கட்டிக்கொண்டதால் அவள் இங்கே தங்கினாள். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. முதலில் காசில்லை, பிறகு சண்டை. இப்போது யுத்தநிறுத்தம், ரோட்டில் தடைகளும் குறைவு. என் மகளுக்குக் கல்யாணமும் கூடிவந்தது. வந்துவிட்டார்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும், மாமன்தான் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். மகள் பெரியவளானபோது குடிசை கட்டவும் மாமன் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்து ஆள் ஒருவரை மாமனாக நிறுத்திச் சமாளித்தோம். கமலா அதை இன்னும் மறக்கவில்லை.

நாள் குறித்து எல்லாம் சரியாக இருந்தது. திடீரென்று அரநாயக்கவில் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிப்போனார். தீட்டுக் கழியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். புது நாளோ மச்சானின் ஒரு மாதத்தைத் தாண்டி விழுந்தது. அதனால்தான் கொழும்புக்கு வந்தோம்.

"எங்கண்ணன் இல்லாம புள்ளய மணவறையில ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்." புறப்படும்போது கமலா சொன்னது இதுதான். அவள் சொன்னால் சொன்னதுதான், முப்பது வருஷ அனுபவம்.

சரி, இத்தனை நாளாக ஒருவரும் அந்த முத்திரையைப் பார்க்கவில்லையா? வீட்டில் நான் வாத்தியார், மாப்பிள்ளை ஆகப் போகிறவர் வங்கிக்காரர். ஆனால் வந்த அன்றே கமலா பாஸ்போர்ட்டை வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு பாஸ்போர்ட் என்பது போகிறதுக்கான புத்தகம். வருகிறதுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு என்று யாருக்குத் தோன்றியது? வந்தாயிற்று, இனி அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

பிழை எப்படி நடந்தது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரும் வரை வேனில் மச்சான் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, இவர் சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறார். இந்திய பாஸ்போர்ட்டிலிருந்து இரத்தினபுரிச் சிங்களம் வந்தால் யார்தான் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்? அந்தப் பையன் கஹவத்தைக்குப் பக்கத்து ஊரான பெல்மதுளைக்காரன். பிறகு கேட்க வேண்டுமா? கஹவத்தைச் சந்தை, ஆற்றுப் பாலம், மாணிக்கக் குழி தோண்டி வீடு கட்டியவன், வீட்டை விற்றுக் குழி தோண்டியவன் என்று பேச்சு போயிருக்கிறது. பின்னால் வரிசை முணுமுணுக்க, பையன் அவசரமாக ஒரு முத்திரையை எடுத்துக் குத்தியிருக்கிறான்.

"கெதர ஆவா நே, மாமே?" என்று கேட்டானாம் கடைசியில். வீட்டுக்கு வந்துட்டீங்க இல்ல, மாமா?

அந்த இடம் வந்ததும் மச்சான் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவார்.

அம்மணி நல்லவர்தான். வழியும் சொன்னார். கவுண்டரில் இருந்த அதிகாரியின் பிழை என்று முறைப்பாடு எழுதிக் கொடுங்கள், ஆள் எப்படி இருப்பார் என்றும் எழுதுங்கள், விசாரித்துத் திருத்துவார்கள் என்றார். நான் பேனாவை எடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் மாப்ள."

"என்ன வேணாம்?"

"அந்தப் புள்ளைக்கு வேல போயிரும்."

எனக்கு வந்ததே கோபம்! வெளியே இழுத்து வந்து எதிர்த் தேநீர்க் கடையில் உட்கார வைத்துக் கத்தினேன். அவன் பிழைக்கு நாம் ஏன் அலைய வேண்டும்? நாளைக்கு யாராவது பிடித்து, விசா இல்லாத இந்தியன் என்று ஏற்றி அனுப்பினால்? மகள் கல்யாணத்துக்கு மாமனை எங்கே தேடுவது? மறுபடியும் பக்கத்து லயத்திலா?

மச்சான் தேநீரை ஆற்றிக் குடித்தார். பதற்றமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நான் போறப்ப எல்லாரும் என்ன சொன்னாங்க? ஒங்க ஊருக்குப் போன்னாங்க. அங்க எறங்குனா, சிலோன்காரன்னாங்க. இத்தன வருஷத்துல வீட்டுக்கு வந்துட்டியான்னு கேட்டது அந்தப் புள்ள ஒருத்தன்தான். அவனப் போயி நான் காட்டிக் குடுக்கவா?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவன் நான். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

"வா, அவன்கிட்டயே போவோம்" என்றார் மச்சான்.

நடக்கிற காரியமா? ஏர்போர்ட் என்ன கஹவத்தை பஸ் ஸ்டாண்டா, ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட? அதிலும் பேரும் தெரியாது. ஆனாலும் பஸ் ஏறினோம். வாசல் காவல்காரரிடம் மச்சான் தன் சிங்களத்தை எடுத்துவிட்டார். பெல்மதுளைப் பக்கத்து இளம் ஐயா, கவுண்டரில் இருப்பவர், சிரித்தால் கன்னத்தில் குழி விழும்... காவல்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே யாருக்கோ போன் பண்ணினார்.

நம் அதிர்ஷ்டம், பையன் வேலையில் இருந்தான். வெளியே வந்து மச்சானைக் கண்டதும் சிரித்தான். குழி விழுந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"யாருகிட்டயும் சொல்லல புத்தா" என்றார் மச்சான், பாதி தமிழும் பாதி சிங்களமுமாக. புத்தா என்றால் மகன்.

அவன் மறைக்கவில்லை. நேரே பெரிய அதிகாரியிடம் எங்களையும் கூட்டிக்கொண்டு போய், பிழை தன்னுடையது என்றான். பெரியவர் கண்ணாடியை இறக்கி மச்சானைப் பார்த்தார். முறைப்பாடு உண்டா என்று கேட்டார்.

மச்சான் சிங்களத்தில் சொன்னார், முறைப்பாடு எதுவும் இல்லை, பேச்சுக் கொடுத்தது நான்தான், பாதிப் பிழை என்னுடையது என்று. பெரியவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பட்டது. பையனுக்கு நாலு வார்த்தை திட்டு விழுந்தது. அதோடு விட்டார்.

வந்த அன்று மச்சான் நிரப்பிக் கொடுத்த அட்டை அவர்களிடம் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்து உறுதிப்படுத்தி, புறப்பாட்டு முத்திரையின் மேல் கோடு போட்டு, கையெழுத்து வைத்து, பக்கத்தில் வருகை முத்திரையைக் குத்தினார்கள். மச்சான் அதிகாரபூர்வமாக இலங்கைக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் அதே அம்மணி விசாவை நீடித்துத் தந்தார். "எங்கே, திரும்பி வந்துவிட்டாரா?" என்று கேலி வேறு.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மச்சான் பட்டம் கட்டி, மருமகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். கமலா அழுதாள். நானும் அழுதேன். கேட்டவர்களிடம் ஓமப் புகை என்று சொன்னேன்.

போன வாரம் மச்சான் ஊருக்குப் புறப்பட்டார். கோத்தகிரி போய்ச் சேர்ந்து போன் எடுத்தார். ஏர்போர்ட்டில் அந்தப் பையன் கவுண்டரில் இருந்தானாம். பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டு, அவன் வரிசைக்கே போய் நின்றிருக்கிறார். பையன் முத்திரையைத் தூக்கி இவர் கண்ணெதிரே காட்டினானாம். "மாமே, இந்த வாட்டி இதுதானே?"

"ஹெமின் கஹன்ன, புத்தா" என்றாராம் மச்சான். மெதுவா குத்து, மகனே.

பேசிக்கொண்டிருக்கும்போதே கமலா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏண்ணே, இந்த வாட்டியும் மாத்திக் குத்துடான்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் மச்சான் என்ன சொன்னாரோ, அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு, பாஸ்போர்ட் சுற்றியிருந்த மஞ்சள் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

தலைமன்னாரில் அன்றைக்கு அவருக்குக் குத்திய முத்திரையில் ஒரு பிழையும் இல்லை, இப்போது குத்தியதிலும் இல்லை. பிழையான முத்திரையைத் திருத்த அலுவலகம் இருக்கிறது... சரியான முத்திரையை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது?