கிறீச்சிட்ட நாற்காலி

டெக்சாஸில் என் கிரீன் கார்டு, மேனேஜர் ஜிம்மின் கையில் இருந்தது. அவர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டபோது, முட்டைகூடச் சாப்பிடாத நான் தலையாட்டிவிட்டேன். தரையில்தான் காத்திருக்க வேண்டும், உட்கார ஏதாவது கொண்டு வா என்றார்.

கடையில் நான் எடுத்தது சத்தம் போடாத சின்ன ஸ்டூல். மனைவி விடவில்லை. "நாள் பூரா உக்காரணும்ங்க, முதுகு என்னத்துக்கு ஆகும்? கை வச்சதா, அகலமா, கம்ஃபர்டபிளா வாங்குங்க." மடக்கு நாற்காலி வாங்கினோம்.

புதருக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தோம். துப்பாக்கி வைத்திருந்தவர் ஜிம்மின் மாமனார். அசையக் கூடாது, இருமக் கூடாது. எழுந்து போகலாமென்றால் வந்தது ஜிம்மின் வண்டியில். கால் மரத்துப்போனது. கடைசியில் ஒரு மான் வந்து நின்றது. மாமனார் குறி பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வீட்டுப் பழக்கத்தில் என் கால்கள் தாமாகவே மேலேறிச் சம்மணம் போட்டன. நாற்காலி கிறீச்சென்று கத்தியது. மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

மாமனார் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தார். கிரீன் கார்டு போயிற்று என்றே நினைத்தேன். ஜிம் என் நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"இதை எங்கே வாங்கினே?"

சொன்னேன்.

"கல்யாணமானதிலேர்ந்து வருஷா வருஷம் இவரோட வரேன். வேணாம்னு சொல்லத் தைரியமே வந்ததில்ல."

புதருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தவன் நான் மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் மாமனார் என்னைச் சேர்க்கவில்லை. வேட்டை முடிந்த திங்கட்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் ஜிம்மின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் என்னுடையதைப் போலவே ஒரு நாற்காலி, புதிதாக.