ஒட்டாத இடம்

நாணயத்தின் விளிம்பால் அதே இடத்தில் மூன்றாவது முறை தட்டினான். டொப். ஒரு சாண் இந்தப் பக்கம் தட்டினான். டக். இரண்டுக்கும் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தான்.

பிக்கப்பின் பின்தொட்டியில் முழங்கால் போட்டிருந்தான் உவைஸ். தொட்டி முழுக்கக் கறுப்பு லைனர். தகரம் துருப்பிடிக்காமல் இருக்கத் துப்பாக்கியால் அடிக்கும் பூச்சு அது. காய்ந்தால் எருமைத் தோல் போலச் சொரசொரப்பாக இறுகிவிடும். பார்வைக்கு இந்தத் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. மூலைகளில் மெலியவில்லை, ஓரங்களில் உரியவில்லை, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. முகர்ந்தும் பார்த்தான். மருந்து வாடை இல்லை.

பின்கதவருகே இரண்டு பேர் நின்றார்கள். வீரபாகு வண்டிக்காரர், விற்க வந்தவர். இசக்கிமணி ராயகிரியிலிருந்து வாங்க வந்தவன். யூரியா மூட்டை ஏற்றுகிற வண்டியில் லைனர் சரியில்லை என்றால் இரண்டு வருஷத்தில் தொட்டி சல்லடையாகிவிடும். உவைஸ் பாய் தட்டிப் பார்த்துச் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். தென்காசி வட்டாரத்தில் பழைய பிக்கப் வாங்குகிற பலர் அப்படித்தான் சொல்வார்கள்.

உவைஸுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினேழு வருஷம் சவூதியில், தம்மாமில் இந்த வேலை. கண்ணுக்குத் தெரிகிற குறையை யாரும் சொல்லிவிடலாம், தெரியாத குறை காதுக்குத்தான் வரும் என்பது அங்கே படித்தது. லைனர் தகரத்தோடு சேர்ந்திருந்தால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும். சேராத இடத்தில் கீழே வெற்றிடம் பேசும். ஒரு ரியால் நாணயத்தை அதற்காகவே கையோடு கொண்டுவந்திருந்தான். நாளடைவில் எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டுச் சுவர், தரை ஓடு, தர்பூசணி. சாப்பிட உட்கார்ந்து தட்டின் விளிம்பைத் தட்டினால் மிஸ்ரியா எழுந்து போய்விடுவாள்.

மேலகரத்தில் ஷெட் போட்ட முதல் வருஷம் ஆறு வண்டி கெட்டது. பாலைவனத்தில் தொழில் படித்தவனுக்குச் சாரலைத் தெரியவில்லை. ஆனியும் ஆடியும் குற்றாலத்து மலையிலிருந்து இறங்குகிற காற்றே பாதி தண்ணீர். கண்ணுக்குத் தெரியாமல் தகரத்தில் பூத்துவிடும். ஆறு லைனரும் அப்பளம் போலக் கொப்பளித்து எழும்பின. அதற்குப் பிறகு தொட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, பெரிய விளக்குகளை ஏற்றி, ஷெட்டைப் பூட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுவான். துடைத்த தகரத்தை அவனே கூடத் தொடமாட்டான். விரல் பட்டால் வியர்வை. வியர்வை பட்ட இடத்தில் ஒட்டாது. அப்படி அடித்த லைனருக்கு ஐந்து வருஷம் வாக்குக் கொடுப்பான்.

இந்த லைனர் அவன் அடித்ததுதான். போன வருஷம், ஆடி மாதம்.

இந்த வண்டியை அவன் தட்ட விரும்பவில்லை. வீரபாகுவுக்கு அப்போது இதை ஓட்டிக்கொண்டிருந்தவன் தேவா. லைனர் அடிக்க அந்த ஆடியில் ஒரு புதன் சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் போனவன், அன்று ராத்திரி இலஞ்சியிலிருந்த தன் வீட்டுக்குப் போகவில்லை. வியாழன் மதியம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். ஷெட்டில், வண்டியில் படுத்திருந்தேன் என்று வெளியே நின்று சொல்லியிருக்கிறான். செங்கோட்டையில் ஒருத்தி இருப்பதாக ஊரில் பேச்சு இருந்தது. அவன் பெண்டாட்டி சொக்கம்மாள் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடியே உவைஸுக்குப் போன் செய்தாள். உவைஸ் சொன்னான்: “எம் ஷெட்ல யாரும் படுக்க முடியாதும்மா. பூட்டிட்டுல்லா போனேன்.”

அவள் கதவைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் சிற்றாற்றங்கரையில் அவனுடைய செருப்பும் சட்டையும் கிடந்தன. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்த நாள். ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

தொட்டியில் ஒரு இடமாவது ஒட்டாமல் இருந்தால், தேவா சொன்னது நிஜம். உவைஸ் சொன்னது பொய்.

புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. முதலில் கேபின் பக்கம் உள்ளங்கையளவு ஒரு வட்டம். அதற்குக் கீழே குறுகி, உடனே அகன்றது. உவைஸ் தலையைத் தூக்காமல் தட்டினான். வெளியே சாரல் விழுந்தது. காற்று ஷட்டருக்குள் வந்து சாக்பீஸ் தூளை நகர்த்தியது. டக். டக். டொப். வீரபாகு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர், பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்.

புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பதுதான் வழக்கம். கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். உவைஸ் கோட்டை இழுத்து முடித்தான். அவன் மிகப் பக்கத்தில் இருந்ததால் அவனுக்கு அது வெறும் கோடாகத் தெரிந்தது. பின்கதவில் நின்ற இசக்கிமணிதான் முதலில் பார்த்தான்.

“பாய், கீழ எறங்கி வாங்க. அங்கன நிக்காதீங்க.”

உவைஸ் இறங்கி வந்து பார்த்தான். கேபின் பக்கம் தலை. ஒருக்களித்த உடம்பு. ஒரு கை தலைக்கு அடியில் போயிருந்தது. இடது கால் வயிற்றை ஒட்டி மடங்கியிருந்தது. வலது கால் மடங்காமல் பின்கதவுவரை நேராக நீண்டிருந்தது.

தேவாவுக்கு வலது முழங்கால் மடங்காது. பழைய லாரி விபத்து. கிளட்ச் கால் நன்றாக இருக்கிறது, போதும் என்று சிரிப்பான். அது உவைஸுக்கும் வீரபாகுவுக்கும் தெரியும். இசக்கிமணிக்கு மட்டும்தான் தெரியாது. அவனும் வீரபாகுவின் முகத்தைப் பார்த்துப் பாதி தெரிந்துகொண்டான்.

வீரபாகு மெதுவாகச் சொன்னார். “அழிச்சிரும் வே. அழிச்சிட்டு உரிச்சு அடிச்சுக் குடும்.”

உவைஸ் ஈரத்துணியை எடுத்தான். தொட்டியில் ஏறினான். துடைப்பதற்கு முன் தன்னை அறியாமல் தோள்பட்டை ஓரத்தில் ஒருமுறை தட்டினான். கோட்டுக்கு வெளியே தட்டினான். டொப். சற்று முன் அதே இடம் டக் என்றுதான் சொன்னது. அந்தப் புள்ளியைக் கணக்காக வைத்ததும் அவன்தான். ஒட்டாத இடம் கோட்டைவிட ஒரு விரல்கடை தாண்டி வந்திருந்தது. இடுப்பருகே தட்டினான். அங்கேயும் ஒரு விரல்கடை. கால்மாட்டில் மட்டும் நகரவில்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டு சொக்கம்மாளுக்குப் போன் செய்தான். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னான். வீரபாகு தலையில் கைவைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய் நின்றார். இசக்கிமணி போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் இருந்தான்.

அவள் அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்தாள். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து வந்திருந்தாள். விரல்நுனிகள் புகையிலையில் பழுத்திருந்தன. சேலை முந்தியில் இலைத்தூள். உவைஸ் வண்டியைக் கை காட்டினான். அவள் பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றி வெகுநேரம் பார்த்தாள்.

“இப்பிடித்தான் படுப்பாவ,” என்றாள்.

சாரல் தகரக் கூரையில் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

“இது எப்பிடி வந்திச்சு?”

அவன் சொன்னான். துடைத்த தகரத்தில் உடம்பு பட்டால் ஒட்டாது என்றான். ஒரு ராத்திரி படுத்திருந்தால் இப்படித்தான் வரும் என்றான். ஷெட்டின் பக்கத் தகரம் ஒன்று ஆணி தளர்ந்து இருந்தது, அது வழியாக வந்து, நான் திறக்குமுன் போயிருக்க வேண்டும் என்றான். அவள் முழுவதும் கேட்டாள்.

“அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா பாய்?”

உவைஸ் தரையைப் பார்த்தான். “பீடித் துண்டு ஒண்ணு கெடந்துச்சு. தொட்டிக்குள்ள. காலைல பாத்தேன்.”

பார்த்தான். பார்த்ததும் புரிந்தது. மறுபடி துடைத்தால் மறுபடி ஒரு ராத்திரி காய வேண்டும். பத்து மணிக்கு வீரபாகு வந்து நிற்பார். துண்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு மருந்தைக் கலந்து அடித்தான். மதியம் அவள் போன் வந்தபோது வீரபாகு பக்கத்தில் நின்று லைனரைத் தடவி, அருமையாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேறொன்று கேட்டாள்.

“நூலு என்ன நெறம்?”

“எந்த நூலு?”

“பீடில கட்டுன நூலு.”

அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக அது கண்ணில் கிடந்தது. “பச்ச.”

அவள் தலையசைத்தாள். “அந்த வாரம் மட்டுந்தான் கம்பெனில பச்ச நூலு தந்தாவ. பொறவு சேப்பாக்கிட்டாவ. நாலு பீடி நாந்தான் மடியில வச்சு அனுப்புனேன்.”

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் ஏறினாள். கோட்டை மிதிக்காமல் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள். கதவைத் தட்டுவது போல மூன்று முறை தட்டினாள்.

டொப், டொப், டொப்.

காத்திருந்தாள். உவைஸும் இசக்கிமணியும் காத்திருந்தார்கள். வெளியே நின்ற வீரபாகுவும் திரும்பிப் பார்த்தார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து இறங்கினாள்.

“உரிச்சா தூரப் போட்ராதீங்க. எனக்கு வேணும்,” என்றாள்.

மறுநாள் சாரல் இல்லை. உவைஸ் எட்டு மணிக்கு ஷெட்டைத் திறந்தான். கோட்டை விட்டு ஒரு விரல்கடை தள்ளிக் கத்தி வைத்து வெட்டினான். இரண்டு மூன்று துண்டாக வரும் என்று நினைத்திருந்தான். முழுசாகவே வந்துவிட்டது. கீழே தகரம் அதே வடிவத்தில் துருவேறி, ஈரமாக இருந்தது. சொக்கம்மாள் பதினொரு மணிக்கு ஒரு பாயோடு வந்தாள். உரித்ததைப் பாயில் வைத்துச் சுருட்டிக் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனாள். ஆட்டோக்காரன் தலைப்பக்கம் பிடித்துக் கொடுத்தான். இசக்கிமணி போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொன்னான். வீரபாகு போனை எடுக்கவில்லை. உவைஸ் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், இரண்டு முறை தின்னரால் துடைத்தான், தளர்ந்த பக்கத் தகரத்துக்கு நான்கு ஆணி அடித்தான். மூன்று மணிக்குச் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வேறொரு பிக்கப் வந்தது. தட்டிப் பார்த்தான். எல்லா இடத்திலும் டக் என்றது. ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினான்.