பாயான் லெப்பாஸுக்கு வந்த இரண்டு கார்கள்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கி பினாங்கு டவுனுக்குள் போக அன்றைக்கு மூன்று வழிகள் இருந்தன. பஸ். கௌண்டரில் கூப்பன் வாங்கிக்கொண்டு ஏறும் டாக்சி. சொந்தக்காரர்களின் கார். உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து என்று பார்த்தால் மூன்றாவதற்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வரவே முடியாது.

பினாங்குப் பாலம் திறந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருக்கும். நான் கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையைத் திருத்த ஆள் கிடைக்காத காலம். ஒருநாள் அக்கா போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணம், இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, அண்ணன் வரமாட்டேன் என்கிறார்.

அண்ணனுக்கும் அத்தானுக்கும், அதாவது அக்கா புருஷனுக்கும், இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் புது வீடு குடிபோனபோது அத்தானை நேரில் போய் அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார். அத்தான் போகவில்லை. அத்தான் துறைமுக ஆபீஸில் கடிதம் எழுதும் கிராணி. வந்த கடிதம் எதற்கும் அதே பாணியில் பதில் எழுதிப் பழகியவர். இரண்டு வருஷம் காத்திருந்து, மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபால்தலை ஒட்டி அண்ணனுக்கு அனுப்பினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கே தெரு. பள்ளிக்கூட வாத்தியாரான அண்ணன் அந்த உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார், அதுவும் தபாலில்.

"அண்ணன் வராட்டி பொண்ணைக் கைபுடிச்சு மணவறைக்கு யாரு கூட்டிட்டு வர்றது? பெரிய தாய்மாமன் எங்கேன்னு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்களே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"நானும் தாய்மாமன்தானே அக்கா. நான் கூட்டிட்டு வர்றேன்."

"நீயா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். என் முப்பத்துநான்கு வயது வாழ்க்கையைப் பற்றி அதைவிடச் சுருக்கமான மதிப்புரையை நான் இதுவரை படித்ததில்லை.

அண்ணனைச் சமாதானப்படுத்தக் கிளம்பினேன். கிளம்பும் முன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஊருக்கு வருகிறவன் வருகிற நேரத்தைச் சொல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தில் அது அவமரியாதை. சொன்னால், வந்து கூட்டிப்போவது அவர்கள் கடமை. "வேணாம், நானே வந்துக்கிறேன்" என்று மறுப்பது என் மரியாதை. அந்த மறுப்பைக் காதில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது மறுபடியும் அவமரியாதை. இதெல்லாம் தெரிந்தும் அண்ணனுக்கும் போன் செய்தேன், அத்தானுக்கும் செய்தேன். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால் பகை வருமே என்று பயம். ஒரே விமானம், ஒரே நேரம். இருவரிடமும் நானே வந்துகொள்கிறேன் என்றேன்.

இருவரும் வந்திருந்தார்கள்.

வெளியே வரும் வழியின் கம்பித் தடுப்புக்கு இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் அத்தான். அண்ணன் என் பெட்டியைப் பிடுங்கினார். அத்தான் தோள்பையைக் கழற்றிக்கொண்டார். இன்னும் இரண்டு கைப்பிடிகள் இருந்திருந்தால் என்னையும் பங்கு போட்டிருப்பார்கள்.

"கார் அங்கே நிக்குது, வா" என்றார் அண்ணன்.

"என் காரு வாசல்லயே நிக்குதுலா. புதுக் காரு, ஏர்கோன் இருக்கு, ஜில்லுன்னு போலாம்" என்றார் அத்தான். அவர் பார்வை கூரையில் இருந்தது.

"ஏர்கோன் இல்லாமத்தான் அவன் இவ்வளவு நாள் உயிரோட இருந்தான்னு சொல்லு" என்றார் அண்ணன் என்னிடம்.

"கல்யாண வீட்டுக்கு வர்றவன் கல்யாண வீட்டுக்குத்தான் வரணும்னு சொல்லு."

"தபால்ல வர்றதுக்கு அவன் என்ன பத்திரிகையான்னு கேளு."

இரண்டு வருஷ வன்மமும் என் வழியாக ஓடியது. எதைச் சொல்ல, யாரிடம் கேட்க? நடுவில் நின்று "சரி... சரி" என்று தலையாட்டினேன். அத்தான் காரில் ஏறினால் அண்ணன் கல்யாணத்துக்கு வரப்போவதே இல்லை. அண்ணன் காரில் ஏறினால், அத்தான் இந்த ஜென்மத்தில் அவரை நேரில் போய் அழைக்கமாட்டார். அழைக்காமல் அண்ணனும் வரமாட்டார். எதில் ஏறினாலும் அக்காவின் மகள் தனியாகத்தான் மணவறைக்கு நடந்து வரவேண்டும்.

நிறையச் சரித்திரம் படித்தவன் நான். சண்டைக்கு நடுவில் இருக்கும் தேசம் கதவைச் சாத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தேன். அப்படிச் சாத்திக்கொண்ட தேசங்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் படித்திருந்தேன். நல்ல சமயத்தில் அது ஞாபகம் வரவில்லை.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் டாக்சியில வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கூப்பன் கௌண்டருக்கு நடந்தேன். பெட்டியோடும் பையோடும் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கௌண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். இதை நான் யோசிக்கவில்லை. இடம் சொன்னால்தான் கூப்பன். பின்கழுத்தில் இருவரின் மூச்சும் பட்டது. அக்கா வீட்டுத் தெருவையும் சொல்லமுடியாது, அண்ணன் வீட்டுத் தெருவையும் சொல்லமுடியாது. வாய் தானாக, சூலியா ஸ்ட்ரீட்டில் ஒரு ஓட்டல் பெயரைச் சொன்னது.

பின்னால் மூச்சு நின்றது.

"கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் அண்ணன்.

"கேட்டேன் மச்சான்" என்றார் அத்தான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. மேளம் கொட்டியிருக்க வேண்டிய நேரம். நான் கூப்பனுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சொந்த ஊர்ல ஓட்டலா?"

"ரெண்டு வீடு இருக்கு மச்சான், ரெண்டுலயும் ரூம் இருக்கு."

"அம்மா இருந்திருந்தா நாக்கைப் புடுங்கிக்கிட்டிருப்பாங்க."

"கோலாலம்பூர் தண்ணி மச்சான். அதுதான்."

"தண்ணியா? சின்ன வயசுலேயே இவன் இப்படித்தான். தனித் தட்டு வேணும்னு அழுவான். உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை."

தனித் தட்டு கேட்டு அழுதவர் அண்ணன். திருத்த நினைத்தேன்; தொழில் தர்மம் அது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இருவரும் சேர்ந்தே என் சாமான்களை டாக்சியின் டிக்கியில் எறிந்தார்கள். அண்ணன் பெட்டியை எறிய, அத்தான் பையை எறிய, மூடியை இருவரும் ஒன்றாக அறைந்தார்கள்.

டாக்சிக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி ஓட்டினார். நானும் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் டாக்சியைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, அத்தான் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளுங்களா தம்பி?"

"ஆமா அண்ணே."

"கூட்டிட்டுப் போகவா வந்தாங்க?"

"ஆமா."

"ரெண்டு காரு வந்திருக்கு. நீங்க காசு குடுத்து என் வண்டியில ஏறுறீங்க." சுங்கை நிபோங் வரும்வரை யோசித்தார். "ரொம்பப் படிச்சிருக்கீங்களோ?"

ஓட்டல் வாசலில் பெட்டியை இறக்கக்கூடக் கை கொடுக்கவில்லை. அவருக்கும் தம்பிகள் இருந்திருப்பார்கள்.

சாயங்காலம் அக்கா ஓட்டலுக்கு வந்தாள். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காராமல், கட்டிலிலும் உட்காராமல், நின்றுகொண்டே கேட்டாள்.

"என்னடா செஞ்ச?"

"என்ன ஆச்சு?"

"அண்ணன் நம்ம வீட்டுக்கு வந்தாரு. இவரும் அவரும் ஒண்ணா வந்து இறங்குறாங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மூணு கிளாஸ் கோப்பி குடிச்சாரு. மூணு கிளாஸும் உன்னைத் திட்டியே தீந்துச்சு. நீ எட்டாவதுல பெயிலானதுல ஆரம்பிச்சாங்க."

"நான் பெயிலாகலையே."

"இப்ப ஆயிட்ட. கடைசியில அண்ணன் சொன்னாரு, 'ஓட்டல்ல தங்குறவன் கையிலயா நம்ம பொண்ணைப் புடிச்சுக் குடுக்கிறது? நான் உயிரோட இருக்கிறப்பவா?' உடனே இவரு உள்ள போயி தட்டுல வெத்தலை பாக்கு வச்சு நீட்டிட்டாரு. அவரும் வாங்கிக்கிட்டாரு."

நான் கோலாலம்பூரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த சமாதானப் பேச்சு ஒன்று இருந்தது. மூன்று பகுதிகள், நடுவில் கண்ணீர் வரவேண்டிய இடம் ஒன்று. அதைச் சொல்லட்டுமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தன்று அண்ணன் பட்டு வேட்டியில் வந்து பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். அத்தான் பக்கத்திலேயே நடந்தார். நான் உட்கார்ந்திருந்த வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக் கார் டிரைவர்கள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள், நான் எந்த வண்டி ஓட்டுகிறேன் என்று விசாரித்தார்கள்.

பந்தியில் அண்ணன் குரல் கூடம் முழுவதும் கேட்டது. "அந்த ஓட்டல்காரருக்கு இலை போடுங்கப்பா. நம்ம வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்குமோ என்னமோ."

"மெனு வேணுமான்னு கேளுங்க மச்சான்" என்றார் அத்தான். இருவரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா என் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள். சமாதானம் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை அக்கா என்று சொல்லத் தயாரானேன்.

"கோவிச்சுக்கிட்டு ஏதாவது மன்னிப்புக் கின்னிப்புக் கேட்டு வைக்காத" என்றாள் மெதுவாக. "இவளுக்குப் புள்ள பொறந்து பேரு வைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் உன்மேல இப்படியே ஒண்ணா கோவமா இருக்கணும். அடுத்த தடவையும் ஓட்டல்லயே தங்கு."

"அதுக்கப்புறமாவது வீட்டுல தங்கலாமா அக்கா?"

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.