சுதாகர் ஊர் பார்த்த நாள்

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டிகள் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு டீக்கடை. அதை ஒட்டி சின்னாயியின் அன்னாசிக் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு குடை, ஒரு கத்தி, மிளகாய்த்தூள் கலந்த உப்பு ஒரு டப்பா, அவ்வளவுதான். ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கப் போகிறவர்கள் என்னிடம் டீ குடிப்பார்கள். ஏறி வரும்போது நாக்குத் தள்ளிப்போய் அவளிடம் அன்னாசி தின்பார்கள்.

நான் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்காரி. பிழைக்க மலையேறியவள். ஊர் பார்க்க வருகிற கூட்டத்தைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வரும். வண்டியை விட்டு இறங்குவதற்குள் போனைத் தூக்குவார்கள். பிறகு என்னிடம் வந்து, இங்கே பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நான் இருக்கிறேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தோன்றும். சின்னாயி அப்படியில்லை. எல்லோரையும் சாமி, கண்ணு என்பாள். குழந்தை கையில் ஒரு துண்டு சும்மா கொடுப்பாள்.

அவள் பிறந்தது இதே மலையில் ஆலத்தூர் நாடு. இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் மாதன் மிளகு பறிக்க மரமேறி, ஏணி வழுக்கி விழுந்து செத்தான். அப்போது சுதாகர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மகன் மரமேறக் கூடாது. இந்த மலையில் மரமேறாமல் ஓர் ஆண்பிள்ளை என்ன வேலை செய்வான் என்று ஊரில் சிரித்தார்கள். அவள் அவனைக் கீழே காலேஜுக்கு அனுப்பினாள், கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். படித்து முடித்து இரண்டு வருஷம் அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்னாசி வெட்டினான்.

அப்போதுதான் அந்த ஏஜென்ட் வந்தான். கம்போடியாவில் வேலை, ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தால் போதும் என்றான். சின்னாயிக்கு அந்த நாற்காலி ஒன்றே போதுமாக இருந்தது. நாற்காலியிலிருந்து யாரும் விழுந்து சாவதில்லை என்று என்னிடம் சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள்கூட அவன் கடையில்தான் இருந்தான். கடைசியாக ஒரு பழம் வெட்டித் தருகிறேன் என்று உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டான். ரத்தம் கொட்டியது. சின்னாயி கட்டியிருந்த பச்சைச் சேலையின் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். போகிற நேரத்தில் இது என்ன சகுனம் என்று எனக்குச் சுருக்கென்றது.

விமானத்தை விட்டு இறங்கியதும் ஒரு தடவை பேசினான். அவ்வளவுதான், அதன் பிறகு பேச்சில்லை. கம்பெனியில் போன் பேச விடுவதில்லை, மெசேஜ் மட்டும் அனுப்பலாம் என்று ஒரு மெசேஜ் வந்தது. சின்னாயிக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன்.

முதல் போட்டோ தை மாசம் வந்தது. அந்த நாட்டின் தலைநகரம் புனோம் பென். ஊருக்கு நடுவில் ஒரு குன்று, அதன் மேல் ஒரு கோயில். படியின் இரண்டு பக்கமும் பல தலைப் பாம்பு படமெடுத்து நிற்கிறது. கீழ்ப்படியில் கட்டம் போட்ட சட்டையில் சுதாகர். லீவு நாளில் ஊர் பார்க்கப் போனதாக எழுதியிருந்தான். நான் போனில் தேடி அந்த இடத்தின் கதையையும் அவளுக்குப் படித்துச் சொன்னேன். ஆற்றில் மிதந்து வந்த மரத்துக்குள் பென் என்ற ஒரு பெண் புத்தர் சிலைகளைக் கண்டெடுத்தாளாம். அவற்றை வைக்க மண்ணைக் கொட்டி அந்தக் குன்றை எழுப்பினாளாம். அவள் பெயர்தான் ஊருக்கே பெயராம்.

"பொம்பள கட்டுன மலைங்களா? அப்ப நல்ல ஊராத்தானுங்கக்கா இருக்கும்" என்றாள் சின்னாயி.

அடுத்த மாசம் தங்கக் கூரை போட்ட அரண்மனை வந்தது. அதற்கடுத்து செக்கச் செவேலென்று ஓர் அருங்காட்சியகம். உள்ளே நம் சிவன், பெருமாள் சிலையெல்லாம் இருப்பதாக எழுதியிருந்தான். சிவன் அங்கேயும் இருக்கிறார் என்றதும் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு மஞ்சள் நிறத்தில் பெரிய கும்மட்டம் வைத்த சந்தை, தாமரை மொட்டு மாதிரி ஒரு சுதந்திரக் கோபுரம் என்று மாசம் ஒன்று வந்துகொண்டிருந்தது. கொல்லிமலையை விட்டு நாமக்கல் தாண்டாத பொம்பளை அந்த ஊரில் எது எங்கே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அன்னாசி தின்ன வந்தவர்கள் போட்டோவையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. எல்லாப் போட்டோவிலும் கட்டைவிரலில் அந்தப் பச்சைத் துணி இருந்தது. காயம் ஆறவே இல்லையா என்று கேட்டு மெசேஜ் போடச் சொல்வாள். வெட்டுக்காயப் பூண்டு அந்த ஊரில் கிடைக்குமா, கிடைத்தால் கசக்கிச் சாறு பிழிந்து விடச் சொல்லுங்கள் என்பாள். சரி அம்மா, மருந்து போடுகிறேன் என்று பதில் வரும். அடுத்த போட்டோவிலும் துணி இருக்கும். சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்றுகூடப் பயந்தாள்.

ஆனி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளங்கோவின் வேனில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்தது. இளங்கோ எங்கள் ஊர்ப் பையன், சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். அருவி பார்த்து ஏறி வந்து எல்லோரும் சின்னாயி கடையில் நின்றார்கள். அந்த வீட்டுப் பெண் அன்றைக்கு எடுத்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுத் துறை, வியூ பாயிண்ட், கோயில், அருவி. எல்லாவற்றையும் ஸ்டேட்டஸில் போடு என்றான் அவள் புருஷன்.

"இன்னைக்கே எல்லாத்தையும் போட்டா இன்னைக்கோட முடிஞ்சிரும். வாரம் ஒன்னா போட்டோம்னு வைங்க, மாசம் பூரா ஊர் சுத்துன மாதிரி இருக்கும்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சின்னாயியின் கத்தி பாதிப் பழத்தில் நின்றுவிட்டது. மீதியை வெட்டவே இல்லை. அந்தக் குடும்பம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் கடைக்குள் வந்து போனை நீட்டினாள். முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள்.

காட்டினேன். அதே கட்டம் போட்ட சட்டை. நல்ல சட்டை என்று வெளியே போகும்போது போடுகிறான் என நாங்களே சொல்லிக்கொண்ட சட்டை. விரலில் அதே துணி. முடிச்சிலிருந்து ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. தை மாசப் போட்டோவிலும் தொங்குகிறது, வைகாசிப் போட்டோவிலும் தொங்குகிறது, அதே நீளத்தில். அதோடு விட்டிருக்கலாம். அவள் தரையைக் காட்டினாள். குன்றுக் கோயிலில் அவன் நிழல் நீளமாகக் கிடந்தது. அரண்மனையில் கொஞ்சம் குறைந்தது. சந்தையில் நிழல் காலடிக்குள் போயிருந்தது. கோபுரத்தில் மறுபடி நீள ஆரம்பித்திருந்தது, இந்த முறை மறுபக்கம்.

"ஒரே நாளுங்கக்கா. காலையில ஆரம்பிச்சு ஒரே நாள்ல சுத்திக் காட்டியிருக்காங்க" என்றாள்.

அந்த ஊரில் ஒரு பிள்ளை இறங்கிய மறுநாள் எடுத்த படங்களை யாரோ உட்கார்ந்துகொண்டு மாசத்துக்கு ஒன்றாக அனுப்புகிறார்கள். அப்படியானால் அந்த ஒரு நாளுக்கு அப்புறம் அவன் எங்கே? ஏஜென்ட் நம்பரைக் கூப்பிட்டோம். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு முழுக்க அவள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். கீழே போலீஸ் அலுவலகத்தில் மதியம் வரை நிற்க வைத்தார்கள். பிறகு ஒருவர் போனை வாங்கி அரண்மனையையும் சந்தையையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா, பையன் ஜாலியா ஊர் சுத்திட்டு இருக்கான். நாங்களே இதெல்லாம் பார்த்ததில்ல. இதுல என்னன்னு கம்ப்ளெயின்ட் எழுதறது?" என்றார்.

சின்னாயி நிழலைக் காட்டினாள், நூலைக் காட்டினாள். அவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டிக் கத்திவிட்டேன். அதனால் மனுவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒரு பெண் போலீஸ் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி எங்களிடம் பேசினாள். இப்படி நிறையப் பேர் போய் மாட்டியிருக்கிறார்களாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கட்டிடத்துக்குள் அடைத்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஊராரை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைப்பார்களாம். முடியாது என்றால் அடியாம். வீட்டில் தேடாமல் இருக்க இப்படி ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்களாம். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், நம்பிக்கையாக இருங்கள் என்றாள். எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை.

சின்னாயி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அங்கேயும் நாற்காலியில்தான் உட்கார வைப்பார்களா என்று. அந்தப் பெண்ணுக்கு எதற்காகக் கேட்கிறாள் என்று புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மலைக்குத் திரும்பிய பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடை போட்டாள், பழம் வெட்டினாள். ஒரு நாள் இளங்கோவிடம் போய், ஒரு பெரிய டவுனில் ஒரு நாளைக்கு எத்தனை இடம் சுற்றிக் காட்ட முடியும் என்று கேட்டாள். அவன் விஷயம் தெரியாமல், காலையில் ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் ஆறு இடம் காட்டலாம் அம்மாயி என்றான். அவள் போனில் ஐந்து இருந்தது.

அன்றைக்கு என்னை ஒரு மெசேஜ் போடச் சொன்னாள். எழுத்து வேண்டாம், பேசியே அனுப்புகிறேன் என்று போனை வாயருகே வைத்துக்கொண்டாள். சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"சாமி, அம்மாவுக்கு ஊரெல்லாம் பார்த்தது போதுங் கண்ணு. உன்ற கட்டவெரல மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காயம் ஆறிப்போச்சான்னு பாக்கோணும். வேற ஒன்னும் வேண்டாம்."

மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கும் அடையாளம் வந்தது, கேட்டதற்கும் வந்தது. யார் கேட்டார்கள் என்பதைத்தான் அந்தப் போன் சொல்லாது. ஒரு வாரம் அவள் போனை விட்டு நகரவில்லை. பலகை மேல், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், மடியில் என்று எங்கேயாவது கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருந்தாள்.

ஆடி பிறந்த பிறகு பதில் வந்தது. இரண்டு ஆறுகள் சேருகிற இடம் அது. கரையோரம் வரிசையாக விளக்குகள் எரிகின்றன. தண்ணீரில் ஒரு படகு. வானம் கருத்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதே சட்டையில் சுதாகர் நிற்கிறான். நாளெல்லாம் அலைந்த களைப்பு முகத்தில் தெரிகிறது, ஆனாலும் சிரிக்கிறான். படத்தில் நிற்கிற அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. விரலில் பச்சைத் துணி. கீழே, அம்மா நான் நல்லா இருக்கேன், இன்னைக்கு லீவு என்று எழுதியிருந்தது.

நான் படித்துச் சொன்னதை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழுது எறங்கிருச்சுங்கக்கா" என்றாள். "இனி அவங்ககிட்ட அனுப்பறதுக்கு ஒன்னும் இல்லீங்க."

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. ஆவணி, புரட்டாசி இரண்டும் போய்விட்டன. ஒன்றும் வரவில்லை. மனுவுக்கும் பதில் இல்லை. அவள் குரலை அனுப்பினால் இப்போது போய்ச் சேருவதுகூட இல்லை. இருந்தும் தினமும் காலையில் அந்த விரலைக் கேட்டு அனுப்புகிறாள். அவளை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வருவான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பையன்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றுகொண்டு, ஒரு போட்டோ எடுத்துத் தாருங்கள் அம்மா என்று அவள் கையில் போனைக் கொடுத்தார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எடுத்துக் கொடுத்தபோது அந்தப் பையனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பீருங்க சாமி. ஒன்னுகூடப் பாக்கி வெக்காதீங்க."

பையன்கள் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.