கழுவிப் பொட்டு வைத்த பலகை

வியட்நாமின் சைகோனில் வெயிலுக்கு நேரம் காலம் கிடையாது. காலை எட்டரைக்கே சிமென்ட் தரை கொதிக்கும். அந்தத் தரையின் ஓரத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத நீல பிளாஸ்டிக் ஸ்டூலில், மூன்று வருஷம் சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம். எதிரே என் மகள் ஸ்கேட்போர்டில் ஏறுவாள், பறப்பாள், தொப்பென்று விழுவாள். திரும்ப ஏறுவாள்.

பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தாள். தாவோ தியெனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்தான் முதல் மைதானம். காவல்காரர் விரட்ட விரட்ட ஓட்டினாள். முதல் போட்டியில் கடைசி. அடுத்ததில் நடுவில் எங்கேயோ. பதினைந்து வயதுக்குள், அவள் சறுக்கு மேட்டில் ஏறினால் மற்ற பிள்ளைகள் போர்டைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள். எனக்குப் பெருமை இல்லையா? இருந்தது. பெருமையை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

அவள் அப்பாவுக்கு வுங் டாவ் கடற்கரைக்கு அப்பால், கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. போனில் "சூப்பர்டா செல்லம்" சொல்வது அவர். சீழைத் துடைத்துக் கட்டுப் போடுவது நான். தண்ணீர், பஞ்சு, மருந்து, மாற்று டிரஸ் எல்லாம் அடைத்த ஒரு பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்ததில், அந்தப் பக்கத் தோளே இறங்கிவிட்டது.

காரைக்காலிலிருந்து நாத்தனார் வீடியோவில் கூப்பிடுவாள். "பொம்பளப் புள்ள முழங்காலு இப்படிக் கெடக்கே அண்ணி, நாளைக்கு எவன் கட்டுவான்?"

"கட்டுறவன் முழங்காலையா கட்டப்போறான்? வேலையப் பாரு" என்று போனை வைப்பேன். வைத்துவிட்டு நானே அந்த முழங்காலைப் பார்ப்பேன்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. நானும் அவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நகரப் போட்டி வருகிறது. இறுதிச் சுற்றுக்குப் போனால் தொடரலாம். போகாவிட்டால், பரீட்சை முடியும்வரை போர்டு அலமாரி மேலே. அவளிடம் சொன்னபோது சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "சரி, சத்தியம்" என்று கையில் அடித்தாள். அவ்வளவு நம்பிக்கை.

போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ஊரில் எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணையிலிருந்து என் அப்பாவின் ஸ்கூட்டர்வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். இங்கே கழுவ என்ன இருக்கிறது? மிக்ஸி, கத்தரிக்கோல், லேப்டாப். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மூலையில் அந்தப் போர்டு, ஊர் அழுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைக்கு ஆயுதம் இதுதானே என்று தோன்றியது. பாத்ரூமுக்குக் கொண்டுபோய், சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழத்தையும் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே நிறுத்தினேன். மூன்று வருஷத்தில் அந்தப் பலகையை அன்றுதான் ஆசையாகத் தொட்டேன்.

அவள் வந்து பார்த்துச் சிரித்தாள். "அய்யோ அம்மா, அழகா இருக்கு! எடுக்கவா?"

"பூஜையில வச்சத நாளைக் காலை வரைக்கும் தொடக்கூடாது."

தொடவில்லை.

மறுநாள் களத்தில் கீழே வைத்ததும் கரகரவென்றது. பின்சக்கரம் ஒன்று சுற்றவே இல்லை. அவள் குனிந்து சுழற்றிப் பார்த்தாள். பலகையை மோந்து பார்த்தாள். "கழுவினியாம்மா?"

"ஆமா, பூஜைக்கு..."

ஸ்கேட்போர்டில் தண்ணீர் படக்கூடாதாம். சக்கரத்துக்குள் பேரிங் குண்டுகள் இருக்கின்றன, அவை துருப்பிடித்து இறுகிவிடுமாம். மூன்று வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. போட்டிக்கு வந்த இன்னொரு பெண் ஓடிவந்து தன் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்தாள், பாவம். ஆனால் பலகையும் தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. பின்முனையை மிதித்தால் 'டக்'கென்று எழும்ப வேண்டியது 'பொத்'தென்றது. ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்து விநாடி, இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் சறுக்குக் கம்பியில் ஏறும்போதே விழுந்தாள். இரண்டாவதில் பாதிக்குமேல் போய், தோள் அடிபட விழுந்தாள். இறுதிச் சுற்று போயிற்று.

டாக்ஸியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டாள். "வேணும்னே செஞ்சியா?"

"சாமி கும்பிட்டதுக்கு இப்படிக் கேப்பியாடி நீ? உனக்காக இடுப்பொடிய அலைஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்!" கத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் தானே நாற்காலி போட்டு ஏறி, போர்டை அலமாரி மேல் வைத்தாள். முனையில் வைத்த பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. இத்தனை நாள் ஏங்கிய சனிக்கிழமை. ஒன்பது மணிவரை தூங்கலாம். ஆறுக்கே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு. இட்லி கொண்டுபோனேன். சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அதற்கு அடுத்த சனியும் அப்படித்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதை என்னைத் தின்றது.

மூன்றாவது சனி, அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"வேணும்னு செய்யல கண்ணு. சத்தியமாத் தெரியாது. ஆனா நீ விழுந்தப்போ... எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே வரவேண்டாம்னு இருந்துச்சு. அது உண்மை."

பேனாவை மூடினாள். "தெரியும்."

"எப்படி?"

"ரெண்டாவது தடவ விழுந்ததும் உன்னத்தாம்மா பார்த்தேன். நான் இன்னும் எந்திரிக்கவே இல்ல. நீ கிளம்புறதுக்குப் பையோட ஜிப்ப மூடிட்டிருந்த."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் மூடியிருப்பேன். கைக்குத் தெரியும்.

நாற்காலியில் ஏறிப் போர்டை நானே இறக்கினேன். "பரீட்சை முடியட்டும்மா, சொன்னது சொன்னதுதான்" என்றாள். "நான் சொன்னத நான் வாபஸ் வாங்குறேன், எந்திரி" என்றேன். அன்று மதியம் தரையில் செய்தித்தாள் விரித்து, சக்கரத்தை எப்படிக் கழற்றுவது, துருவை எப்படி எடுப்பது என்று அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பலகை மட்டும் தேறவில்லை. புதிது வாங்கினோம்.

பரீட்சையும் எழுதினாள். அதற்கடுத்த வருஷம் அதே போட்டியில் இறுதிச் சுற்றுக்குப் போய் மூன்றாவதாக வந்தாள். போன மாதம் நடந்ததில் முதலிடம். இடுப்பு வலி எனக்கு அப்படியேதான் இருக்கிறது, அலுப்பும் குறையவில்லை. மேடையில் பரிசை வாங்கிக்கொண்டு அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் என் மடியைப் பார்த்தாள். பை திறந்தே இருந்தது.