நாலு மூடி

பேரையூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடிக்க ஆள் வேண்டும் என்றால் முப்பது வருடமாக ஒரே பெயர்தான்: மொக்கையன். பத்து லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் பருத்திக்காட்டுக்குள் இறங்கினால், முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடித்துக்கொண்டே போவார். மண்ணில் ஒரு சொட்டு வீணாகாது. மருந்தடிப்பது லேசான வேலை என்று பேசுகிறவன் அந்த டேங்கை ஒரு பொழுதாவது சுமந்து பார்த்திருக்க மாட்டான். மொக்கையனின் தகப்பன் அடுத்தவர் காட்டில் குனிந்தே செத்த மனிதர். வீட்டுக்கு ஒரு அடி நிலம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காமல், தன் கைக்கென்று ஒரு பேர் வாங்குவது என்றால் சும்மாவா? "அது மொக்கையன் கைப்பா" என்று நிலம் வைத்திருக்கும் சம்சாரிகள் சொல்வார்கள். நிலம் வைத்திருப்பவனுக்குப் பட்டா உண்டு. அவருக்கு அந்தப் பேர்தான் பட்டா.

அவருடைய ஒரே மகள் நாகஜோதி. அவளைச் சொல்ல வந்த கதைதான் இது. ஆனால் அப்பனைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

அரசுப்பள்ளியில் படித்து, அந்த ஒதுக்கீட்டிலேயே மதுரையில் வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் அவள். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மொக்கையனே விடுதி வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது கல்லுப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

போன இடத்தில் நாகஜோதிக்குத் திக்குத் திசை தெரியவில்லை. பாடம் முழுக்க இங்கிலீஷில் ஓடியது. மண், உழவு, விதை என்று அவள் பிறந்ததிலிருந்து மிதித்துத் திரிந்ததையே வேற்றுப் பாஷையில் சொன்னபோது, தன் வீட்டுக்கே வழி கேட்டு நிற்கிற மாதிரி இருந்தது. மாதிரிப் பண்ணையைக் காட்டி, ஆடு, கோழி, பயிர் எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கும் பண்ணைய முறை என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். அவள் நோட்டில் தேதி மட்டும்தான் இருந்தது. முதல் பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று.

"அப்பா, நான் ஊருக்கே வந்துடவா?" என்று போனில் அழுதாள்.

"இங்க வந்து? இங்க டேங்கு ஒண்ணுதான் கெடக்கு. அதையும் நான் சொமந்துக்கிட்டிருக்கேன். போய்ப் படி ஆத்தா."

அவளைத் தூக்கிவிட்டது களைச்செடி. ஆளுக்கு ஐம்பது களைகளைப் பறித்து, காய வைத்து, தாளில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அறைத்தோழி ஜெஸி மதுரைக்குள்ளேயே, கோரிப்பாளையத்தில் வளர்ந்தவள். அவளுடைய அம்மா அப்பா இரண்டு பேரும் வாத்தியார்கள். இங்கிலீஷ் அருவியாகக் கொட்டும். புல்லுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

"ஏய், இது என்னடி?"

"சாரணை."

"அப்ப அது?"

"அதுவும் சாரணைதான். இது வெள்ளை, அது செவப்பு."

"உங்கப்பா என்ன சயின்டிஸ்ட்டா?"

"மருந்தடிக்கிறவரு. களையும் பூச்சியும் அவருக்கு எதிரி. எதிரி பேரு தெரியாம எப்பிடிச் சண்டை போட?"

அன்றைக்கே இருவருக்கும் ஓர் உடன்பாடு. வயலில் நாகஜோதி வாத்தியார், விடுதியில் ஜெஸி வாத்தியார். தினம் பத்து இங்கிலீஷ் சொல், அதற்குப் பக்கத்தில் பேரையூர்ப் பேச்சில் அதன் பொருள் என்று எழுதி எழுதி மூன்று நோட்டு தீர்ந்தது. கண்ணால் கற்றது உள்ளே இருந்தால், எழுத்து எப்படியும் பின்னால் வந்து சேரும். படித்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான். போன பாடங்களை எழுதித் தேறினாள். இரண்டாம் ஆண்டில் பூச்சியியல் பாடத்தில் தொண்ணூற்றாறு வாங்கி வகுப்பிலேயே முதலாக வந்தாள்.

"எம்மக பூச்சி டாக்டரு மாப்ள" என்று மொக்கையன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். "இனிமே பூச்சிக்குக் காய்ச்சல் வந்தாலும் அவகிட்டத்தான் போகணும்."

நல்லது நடந்துகொண்டிருக்கும்போது மனிதனுக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், தப்பில்லை. நாகஜோதிக்கும் நிமிர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் மருந்துக்கு அளவு மூடிதான். பாட்டிலோடு வருகிற மூடி. இந்த மருந்துக்கு டேங்குக்கு ஒரு மூடி, அந்த மருந்துக்கு இரண்டு மூடி என்று வாய்வழியாகப் போகும் கணக்கு. மில்லி என்று பேசினால், அது சாராயக்கடைக் கணக்கு என்று சிரிப்பார்கள். மொக்கையனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எல்லா மருந்துக்கும் மூடிக்கணக்கு அவர் தலைக்குள் இருந்தது.

அந்தக் கார்த்திகையில் ஜேசுராஜ் சார் காட்டில் அவருக்கு வேலை. ஜேசுராஜ் அரசுப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகஜோதிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மதுரையில் மகன் வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவியோடு ஊர் வீட்டுக்கு வந்து, மாதா கோயிலுக்குப் போய்விட்டு, காட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்று ஏக்கர் பருத்தி, சப்பை என்கிற மொட்டும் பூவுமாக நின்றது. அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டதென்று மருந்துக்கடைக்காரன் புது மருந்து ஒன்றைக் கொடுத்தான். மொக்கையன் அதுவரை கையில் தொடாத மருந்து. காட்டில் தனியாக நின்று, பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, சார் காட்டுல நிக்கிறேன். புது மருந்து. டேங்குக்கு எம்புட்டு ஊத்தட்டும்?"

அவள் மருந்தின் பெயரைக் கேட்டாள். கடைக்காரன் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். காலையில்தான் ஆய்வுக்கூடத்தில் அதே மருந்தைக் கையாண்டு வந்திருந்தாள்.

"லிட்டருக்கு ரெண்டு மில்லி. உங்க டேங்குக்கு இருபது மில்லிப்பா."

"மில்லியெல்லாம் உன் வாத்தியாருகிட்ட வச்சுக்க. மூடியில சொல்லு."

ஆய்வுக்கூடத்தில் இருந்தது விரல் நீளச் சின்னப் பாட்டில். அதன் மூடி ஐந்து மில்லி பிடிக்கும் என்று அவள் கண்ணாடிக் குழாயில் ஊற்றியே பார்த்திருந்தாள்.

"நாலு மூடிப்பா."

மொக்கையன் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலா? கடைக்காரன் ஒண்ணு போதும்னானே?"

"கடைக்காரன் என்னப்பா படிச்சிருக்கான்? இந்தப் பாடத்துல நான்தான் மொத மார்க்கு. நாலு ஊத்துங்க."

"சரித்தா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

அவர் கையில் இருந்தது ஒரு லிட்டர் டின். அதன் மூடி அகலமானது, இருபத்தைந்து மில்லி பிடிக்கும். பட்டணத்துப் பிள்ளையாக இருந்தால் மில்லியைச் சொல்லிவிட்டு வைத்திருக்கும். காட்டோடு கிடந்த பிள்ளையாகவே இருந்திருந்தால், எந்த மூடி என்று கேட்டிருக்கும். நாகஜோதி இரண்டுக்கும் நடுவில் நின்ற நேரம் அது.

மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது. ஐந்தாம் நாள் சப்பையும் பூவும் கொட்டின. ஞாயிற்றுக்கிழமை ஜேசுராஜ் வந்தபோது காடு விறகுக்குச்சி நட்டுவைத்த மாதிரி நின்றது.

"என்ன மொக்கையா இது?"

"கை தவறிருச்சு சார். நாலு மூடி ஊத்திட்டேன்."

"நாலா? ஏன்யா?"

"கவனம் இல்ல சார்."

ஜேசுராஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உன்னை நம்பித்தானய்யா நான் மதுரையில நிம்மதியா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஊர் சும்மா இருக்குமா? மொக்கையனுக்குக் கண் போய்விட்டது என்றார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்றார்கள். அவர் குடித்தே அறியாதவர். ஒருவர் கூப்பிடாமல் விட்டார், அதைப் பார்த்து நாலு பேர் விட்டார்கள். தை பிறப்பதற்குள் அவரைக் காட்டுக்குள் கூப்பிட ஆளில்லை. பக்கத்து ஊர் முத்திருளன் பேட்டரி டேங்கோடு வந்து இறங்கினான்.

நாகஜோதி பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது டேங்கு மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

"அப்பா வேலைக்குப் போகலையாம்மா?"

"கூப்பிட்டாத்தானே போக" என்றாள் தாய் சுந்தரம்மாள். அடுப்பைப் பார்த்தபடியே நடந்ததைச் சொன்னாள். நாலு மூடி என்று காதில் விழுந்ததுமே நாகஜோதி எழுந்து வாசலுக்குப் போனாள். அப்பா வெளியிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"எந்த மூடிப்பா அது?"

"டின்னு மூடி."

"அய்யோ! நான் சொன்னது சின்ன மூடி. கருகுனதை ஏம்ப்பா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா? கருகுனது துளிர்க்கவா போகுது?"

"நான்தான் சொன்னேன்னு சார்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

மொக்கையனுக்குக் கோபம் வந்தது. "எதுக்கு? நாளைக்கு நீ ஆபீசரா வந்து நிக்கையில, அந்தா பருத்தியைப் பொசுக்குனவ வாரான்னு சொல்லவா? எங்கையி போனா ஒரு கையி. நீ இந்தத் தெருவுக்கே மொத ஆளு. நீ கெட்டா, நமக்குப் பின்னால ஒரு புள்ளையக் காலேஜுக்கு அனுப்ப மாட்டாய்ங்க. வாயை மூடிக்கிட்டுப் படி."

அவள் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து ஜேசுராஜ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சார், எங்கப்பா மேல தப்பில்ல. நாலு மூடின்னு சொன்னது நான்."

ஜேசுராஜ் அவளை உட்காரச் சொன்னார். "பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ நீ. டேங்குக்கு எத்தனை மூடின்னு வகுக்கத் தெரியாதா உனக்கு?"

"வகுத்தேன் சார். எந்த மூடின்னுதான் கேக்கல."

"பூச்சிப் பாடத்துல தொண்ணூத்தாறு வாங்கின புள்ளைக்கு மூடி தெரியாதாக்கும்!" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. "ஐரின், இங்க வந்து கேளு. அப்பனுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போடுது இந்தப் புள்ள."

அவர் மனைவி ஐரின் காபியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். "எம்புட்டுப் பாசம் பாருங்க. நம்ம பிள்ளைங்க நமக்காக இப்பிடி ஒரு பொய் சொல்லுமா?"

"பொய் இல்லக்கா. சத்தியமா."

"சத்தியமெல்லாம் பண்ணக்கூடாதும்மா. காபி ஆறுது, குடி."

டீக்கடையிலும் சொன்னாள். அங்கேயும் அதே கதைதான். "படிச்ச புள்ள தப்பாச் சொல்லுமா? அந்தாளுக்கு வயசாயிருச்சு, அதைச் சொல்லு" என்றார்கள். அவள் சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் பேர் கூடியது. அப்பனுக்கு, மகளைப் பொய் சொல்ல வைத்தவர் என்று இன்னொரு கெட்ட பேரும் சேர்ந்தது. மூன்று நாளில் நிறுத்திக்கொண்டாள்.

மதுரைக்குத் திரும்பிப் போனாள். படிக்காமல் கெட்டாவது காட்டலாம் என்று ஒரு பருவம் யோசித்தாள். தோற்றுப்போனால், பார், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் நம்பும், அப்பாவை விட்டுவிடும். பரீட்சைத் தாளை வெறுமையாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக ஜெஸியிடம் பின்னால் சொன்னாள். அதற்கும் மனம் வரவில்லை. தெருவுக்கே முதல் ஆள் என்று அப்பா சொன்னது கையைப் பிடித்துத் தள்ளியது. எழுதினாள். அந்தப் பருவத்திலும் முதல் மார்க். நாலு வருடம் முடிந்தபோது தங்கப்பதக்கம் வாங்கினாள். மேடையில் நின்ற படம் ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை.

மொக்கையன் அதற்குள் கண்மாய் வெட்டும் வேலைக்கும், ஆள் கிடைக்காத நாளில் சோளக்கதிர் ஒடிக்கவும் போய்க்கொண்டிருந்தார். பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நல்ல கனம் என்றார்.

அந்த வாரமே ஜேசுராஜ் மாலையோடு வந்தார். அவளுக்குப் போட்டார். மொக்கையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் சுவரோரம் நின்றார்.

"இந்த வருசமும் பருத்திதான்மா. தத்துப்பூச்சி விழுந்திருக்கு. என்ன மருந்து, எவ்வளவுன்னு நீயே எழுதிக் கொடு. இனிமே கடைக்காரனைக் கேக்கப்போறதில்ல" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அடிக்கிறதுக்குத்தான் நம்பகமான ஆளில்ல. யாரைம்மா கூப்பிடலாம்?"

நாகஜோதி அப்பாவைப் பார்த்தாள். "சார், அப்பாவே..." என்று ஆரம்பித்தாள்.

"முத்திருளனைக் கூப்பிடுங்க சார்" என்றார் மொக்கையன், அவளை முடிக்க விடாமல். "பய சுத்தமா அடிப்பான். காத்துப் பாத்து அடிப்பான்."

"அப்பிடியா? பேரும் நம்பரும் இருந்தா அதுலயே எழுதிரும்மா. எனக்கு மறந்துபோகும்."

நாகஜோதி காகிதத்தை முழங்காலில் வைத்து மருந்தின் பெயரை எழுதினாள், அளவை எழுதினாள். மொக்கையன் தன் பட்டன் போனை அவளிடம் நீட்டினார். அதைப் பார்த்து, அளவுக்குக் கீழே முத்திருளன் என்ற பெயரையும் நம்பரையும் எழுதி, சாரிடம் கொடுத்தாள்.