மச்சானுக்கு வைத்த சோடா

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கலர். சிவப்போ மஞ்சளோ கறுப்போ, திறந்தால் நுரைத்துக்கொண்டு வருவது எதுவானாலும் கலர்தான். நிறமே இல்லையென்றால் சோடா. வீட்டுக்கு யாராவது வந்தால் "ஒரு கலர் குடிங்க" என்போம். என்ன கலர் என்று வந்தவரும் கேட்கமாட்டார், கொடுப்பவரும் சொல்லமாட்டார். இதற்குமேல் இதில் பெயர் வைக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அக்காவை ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுக்கும் வரை.

மச்சானுக்கு நாமக்கல் வண்டி. ஒரு நடை கிளம்பினால் திரும்பிவர இருபது நாளாகும். எந்த மாநிலத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்டுவைத்துக்கொள்வது சோடாவின் பெயரைத்தான். கேரளத்தில் வட்டு சோடா. குஜராத்தில் கோட்டி சோடா. டெல்லிப் பக்கம் பண்டா. நாம் கலர் என்பதற்கு வடக்கே பொதுவாகத் தண்டா. "மாப்ள, இன்னைக்குக் கோட்டி ஊர்ல இருக்கறேன்" என்று போன் வந்தால் குஜராத் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். நான் கோழித்தீவனம் விற்கிறவன், எனக்குச் சேலத்தைத் தாண்டினாலே வெளிநாடு. அவர் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

"எந்த ஊர்க்காரனும் தண்ணிக்குப் பேரு வைக்கல மாப்ள. உள்ள கெடக்குற கோலிக்குண்டுக்குத்தான் வச்சிருக்கறான். பேருதான் ஊருக்கு ஊரு மாறுது. குடிக்கறது எல்லாருமே ஒரே காரணத்துக்குத்தான். நெஞ்சு கரிச்சா ஒரு சோடா. ஏப்பம் வந்தாச் சரியாப்போச்சு" என்பார்.

அவர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் நான் ஒரு வாய் சோடா குடித்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது கோலி சோடா உடைக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். என் மகள் கூல்டிரிங்ஸ் குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் காரணமே இல்லாமல் அவள்மேல் எரிந்து விழுவேன். அப்பாவுக்குக் கிறுக்கு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று பங்குனி மாதம். மச்சானின் வண்டி ராசிபுரத்தில் பட்டறையில் நின்றது. மதியம் லோடு ஏற்றப் போக வேண்டும். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டிலிருந்து என் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டையாம்பட்டி வந்ததும் தோளைத் தட்டினார்.

"மாப்ள, செத்த நிறுத்து. நெஞ்சுல என்னமோ கட்டிக்கிட்டாட்டம் இருக்குது."

திரும்பிப் பார்த்தேன். சட்டைக் காலர் நனைந்திருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்பதரை மணி வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்காது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எனக்கு வேர்க்கவில்லை.

"அது வாயுங்க மச்சான். ராத்திரி புரோட்டா தின்னீங்கல்ல. ஒரு சோடா அடிங்க, சரியாயிரும்" என்றேன்.

கடைக்காரர் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, கோலியைக் குத்தி உடைத்துக் கொடுத்தார். மச்சான் ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. கடைக்காரரே சிரித்துவிட்டார். மச்சானும் சிரித்துக்கொண்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கோணும் மாப்ள."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் சாலை பிரிகிறது. ஒன்று சேலத்துக்குப் போகும், பெரிய ஆஸ்பத்திரிகளெல்லாம் அங்கேதான். இன்னொன்று ராசிபுரத்துக்கு. நான் ராசிபுரம் சாலையில் வண்டியை விட்டேன். பட்டறையில் அவரை இறக்கிவிட்டு நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டாராம். தூங்குகிறார் என்று மெக்கானிக் நினைத்திருக்கிறார்.

இழவு வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள், வழியில் ஏதாவது சொன்னாரா என்று. அக்கா மட்டும் கேட்கவில்லை. "ஒண்ணும் சொல்லலீங்க, நல்லாத்தான் பேசிட்டு வந்தார்" என்று எல்லோருக்கும் சொன்னேன். முதல் ஆளிடம் சொன்னபோது நாக்கு குழறியது. பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது நானே நம்பினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் போன நாளில் அக்கா வருஷா வருஷம் இலை போட்டுப் படைப்பாள். சோறு, பருப்பு, வடை, பாயசத்தோடு ஒரு கோலி சோடாவும் வைக்க வேண்டும் என்பாள். வாங்கி வரும் வேலை என்னுடையது. எங்கள் ஊர்க் கடைகளில் பிளாஸ்டிக் பாட்டில்தான் என்பதால் ஆட்டையாம்பட்டிக்குப் போக வேண்டும். அதே கடை. அவருக்குப் பிரியமானது என்று வைக்கிறாள், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "நீயே உடைச்சு வை சாமி" என்று வேறு சொல்வாள். இலைக்கு முன்னால் அது பொங்கி அடங்குகிற வரைக்கும் படத்தில் இருக்கும் மச்சான் என்னையே பார்ப்பார். பின்னாலிருந்து யாரோ ஏப்பம் விட்டது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இந்த வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. சோடாவை உடைத்து வைத்தேன். அக்கா கற்பூரம் ஏற்றக் குனிந்தவள், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னமோ அடைக்குது."

என் மனைவி பதறிப்போய்க் கைக்கு எட்டியதை எடுத்தாள். "காலைல இருந்து வெறும் வயித்தோட இருக்கறீங்க, வாயுவாத்தான் இருக்கும். இதுல ஒரு வாய் குடிங்க" என்று இலை முன்னால் இருந்த சோடாவை அக்காவின் வாயருகே கொண்டுபோனாள்.

நான் அதைப் பிடுங்கி வாசலில் வீசியடித்தேன். புட்டி சுக்குநூறாகி, கோலி மட்டும் உருண்டுபோய் வேலியோரம் நின்றது. படைக்கிற நாளில் இப்படிச் செய்கிறானே என்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அக்காவைத் தூக்கி என் தீவனக் கம்பெனி காரில் போட்டேன். "இலையில சோறு ஆறுது, உடுடா என்னை" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆட்டையாம்பட்டிப் பிரிவில் வண்டியைச் சேலம் பக்கம் திருப்பினேன். ஆறு வருஷம் கழித்து.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, ஒரு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "இதயத்துல ஒரு குறையும் இல்லைங்க. வெறும் கேஸ்தான். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

நான் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தெட்டு வயது ஆள், நாலு பேர் பார்க்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லைங்கறாங்கல்ல. எதுக்கு அந்தச் சோடாவப் போட்டு ஒடச்சே?"

சொல்லிவிட்டேன். தோளைத் தட்டியது, காலர் நனைந்திருந்தது, எலுமிச்சம்பழம், உப்பு, ஏப்பம், டாக்டருக்குப் படித்திருக்கலாம் என்றது, எல்லாவற்றையும். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மணி எத்தன இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பதரைங்க்கா."



"நான் ஏழு மணிக்குக் குடுத்தேன்" என்றாள்.

என்னத்தை என்று கேட்டேன்.

"நெஞ்சு அடைக்குதுன்னார். பிரிட்ஜுல சோடா இருந்துச்சு, ஊத்திக் குடுத்தேன். ஏப்பம் வந்துச்சு. உன் கைராசின்னு சொல்லிச் சிரிச்சார். உன்னையக் கூப்பிடறேன்னு போனை எடுத்தேன். வேண்டாம்னு புடுங்கி வச்சுட்டார். உந்தம்பி அவசரக்காரன், தெரிஞ்சா நேரா சேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டிய உடுவான், லோடு போயிரும்னார். நானும் உட்டுட்டேன்."

நேராக ஆஸ்பத்திரிக்கு விடுவானாம். அவ்வளவு நம்பிக்கை என்மேல். அதே ஆள் இரண்டரை மணி நேரம் கழித்து முதல்முறை வலிப்பதுபோல என்னிடம் சொன்னார். நானும் முதல்முறை என்றே நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தேன். இது இரண்டாவது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்னைப் போன்ற மடையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். அக்காமேல் அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அவளுக்கும் என்மேல் வந்திருக்கும். இருவரும் ஆறு வருஷம் ஒரே இலைக்கு முன்னால் நின்றிருக்கிறோம்.

"அவருக்குப் புடிக்கும்னு நெனச்சுத்தான் வருஷா வருஷம் வாங்கியாந்தேன்" என்றேன்.

"அவருக்கு எங்க புடிச்சுது? பேரு கேக்கறதோட சரி. ஊட்டுக்கு வந்தாப் பானைத் தண்ணிதான் கேப்பார். சோடா எனக்கோசரம் வச்சேன். வருஷத்துல ஒரு நாளாச்சும் நான் குடுத்தத நானே பார்த்துட்டு நிக்கோணும்னு."

திரும்பி வரும்போது ஆட்டையாம்பட்டியில் அந்தக் கடை வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கடையைத் தாண்டிய பிறகுதான் அக்கா பேசினாள்.

"ஊட்டுக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணி வை சாமி. பாவம், காலைல இருந்து இலை முன்னால உக்காந்திருக்கறார்."